எந்தக் கரிகாலனை?

2023 ஏப்ரல் 28ஆம் தேதி, கல்கியின் நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் திரைக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஓர் இணையதளத்தின் சினிமாப் பிரிவிலிருந்து என்னிடம் கட்டுரை கேட்டார்கள். சோழ இளவரசன் ஒருவனின் கொலை பற்றிய தலைப்பை அவர்களே தந்தார்கள்: ‘ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?’ கூகுளில் இப்போது இந்தக் கேள்வியைத்தான் நிறையப் பேர் தட்டுகிறார்கள் என்றார்கள். கூடவே எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பும் வந்தது. கேள்வி உபதலைப்பாக நிற்க வேண்டும். அடுத்த வரியிலேயே ஐம்பது சொற்களுக்குள் விடை வந்துவிட வேண்டும். அதன் பிறகு, தேடல் பக்கத்தில் ‘மக்கள் இதையும் கேட்கிறார்கள்’ என்று விரியும் பெட்டியிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு வரி.

நான் எழுதிக் கொடுத்த கட்டுரை ‘இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு’ என்று தொடங்கியது. வெளியானபோது அந்த வரி இல்லை. ‘ரவிதாசன் தலைமையிலான பாண்டிய ஆபத்துதவிகளே கொன்றனர்’ என்ற ஒற்றை விடை அந்த இடத்தில் இருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். “மூணு விடைன்னு ஆரம்பிச்சா கூகுள் எந்த வரியை எடுத்துப் பெட்டியில போடும் சார்?” என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை. கேள்விக்கு ஏற்பச் சினிமா எழுத்தைச் செதுக்கும் இந்த முறையை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று வந்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சினிமாவைக் கேள்வி பதிலாகப் படிப்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. தினத்தந்தியில் குருவியாருக்கு வந்த கேள்விகளில் எந்த நடிகைக்கு எப்போது திருமணம், எந்தப் படம் எப்போது வெளிவரும் என்பதெல்லாம் இருந்தன. ஜூனியர் விகடனில் சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ ஒரு தலைமுறைக்கு அறிவியல் வாசலாக இருந்தது. அங்கே கேட்டவருக்கு ஒரு பெயரும் ஊரும் இருந்தன. பதில் சொன்னவர் அந்த ஆளைப் பார்த்துப் பேசினார். குறும்பாகக் கேட்டவருக்கு ஒரு தொனி, கவலையோடு கேட்டவருக்கு வேறு தொனி. இன்று இணையதளத்தின் மேசைக்கு வருவது கேள்விகளின் கூட்டுத்தொகை. மாதம் இத்தனை ஆயிரம் முறை தேடப்பட்ட வரி என்ற எண்ணிக்கையாக அது வருகிறது. நாவலை ஐந்து பாகமும் படித்து முடித்த ஓய்வுபெற்ற ஆசிரியரும், டிக்கெட் எடுத்துவிட்டு வரிசையில் நிற்கும் கல்லூரி மாணவியும், சோழர் யார் என்றே அறியாத பெங்களூர்ச் சிறுவனும் அந்த எண்ணில் ஒன்றாகக் கரைந்துபோயிருக்கிறார்கள்.

இது எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு முதல் நாள் ஹஃபிங்டன் போஸ்ட், ‘சூப்பர் பவுல் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?’ என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஒரு பக்கம் போட்டது. ஆட்டத்தைப் பற்றிய எந்தக் கட்டுரையும் பெறாத பேரை அந்தப் பக்கம் பெற்றது. தேடலுக்காக எழுதுவதைப் பற்றிப் பேசுகிற யாரும் இன்றும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. 2013இல் கூகுள் ‘ஹம்மிங்பேர்ட்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, தனிச்சொற்களைப் பொருத்துவதோடு நிற்காமல் முழு வாக்கியத்தின் நோக்கத்தையும் அறிய முயன்றது. 2014 முதல் தேடல் முடிவுகளுக்கு மேலே விடைப்பெட்டி வந்தது. 2017 ஆகஸ்டில் தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகளில் குரல்வழித் தட்டச்சு வந்தது. தட்டத் தெரியாதவர்களும் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினார்கள், வாய்விட்டுக் கேட்கும்போது யாரும் சொற்களை மட்டும் உதிர்ப்பதில்லை, முழுக் கேள்வியாகத்தான் கேட்கிறார்கள். 2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்றது. கேட்கும் வாயும் கிடைத்தது, பதிலுக்குக் காசும் கிடைத்தது.

இந்த எழுத்தை எந்த அளவுகோலால் அளப்பது? வருகை எண்ணிக்கையால் அளந்தால் விவாதமே தேவையில்லை. இலக்கியத் தரத்தால் அளந்தால் அது அநியாயம். படம் எத்தனை மணிக்கு என்று சொல்லும் வரியிடம் நடை அழகை எதிர்பார்க்கக் கூடாது. வேறொரு அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பகுதி அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறது. கேள்வி என்றாலே ஒரே வகை என்று எண்ணுகிற இன்றைய தேடல் தொழிலுக்கு அதைவிடக் கறாரான உரைகல் எனக்குத் தெரியவில்லை.

வினாக்களில் அறியா வினா, கொளல் வினா, ஐய வினா, அறிவினா, இந்த நான்கும் நமக்குப் போதும். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. கடைக்காரரிடம் பொருள் இருக்கிறதா என்று வாங்குவதற்காகக் கேட்பது கொளல் வினா. பாம்பா கயிறா என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. தனக்கு விடை தெரிந்திருந்தும் எதிராளிக்குத் தெரிகிறதா என்று சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா.

விடைகளில் முதல் மூன்று நேரடியானவை. ‘இதுதான்’ என்று காட்டுவது சுட்டு. ‘இல்லை’ என்பது மறை. ‘ஆம்’ என்பது நேர். மிச்சம் ஐந்தும் சுற்றி வந்து பொருளை உணர்த்துபவை. அவற்றையும் விடை என்றே நன்னூல் ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ‘ஆடுவாயா?’ என்று கேட்டால் ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘பாடுவேன்’ என்பது இனமொழி. கேள்வியையே திருப்பிப் போடுவது வினா எதிர் வினாதல். நீயே செய் என்று ஏவுவதும் ஒரு விடை.

கொளல் வினாவிலிருந்து தொடங்குகிறேன். அங்கே இந்த முறையின் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. ‘இந்தப் படம் எந்த ஓடிடியில்?’, ‘தமிழில் வசனம் இருக்கிறதா?’, ‘படம் எவ்வளவு நேரம்?’ என்று கேட்பவர் ஒரு பொருளை வாங்க வந்தவர். அவரை மூன்று பத்தி முன்னுரையில் நிற்க வைப்பது மரியாதைக்குறைவு. பழைய சினிமாச் செய்திகளில் அந்தக் குறை நிறைய இருந்தது: இயக்குநரின் முந்தைய படங்கள், நாயகனின் தோற்றம், இசை வெளியீட்டு விழாக் கூட்டம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் தேதி வரும். கேள்வியைத் தலையிலும் விடையை அதன் காலடியிலும் வைக்கும் ஒழுங்கு இந்தச் சோம்பலைத் திருத்தியது. சினிமா எழுதும் இளைஞர்கள் பலர் முதல் வரியில் விஷயத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டது இந்தக் கட்டாயத்தால்தான் என்பது என் கணிப்பு.

ஆனால் இதே வகையில் ஒரு பழுதும் இருக்கிறது. 2023 அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது, முதல் காட்சி எத்தனை மணிக்கு என்பதுதான் தமிழ்நாட்டின் சூப்பர் பவுல் கேள்வி. அந்த ஆண்டு ஜனவரியில் ‘துணிவு’, ‘வாரிசு’ வெளியான நாளில் சென்னைத் திரையரங்கு ஒன்றின் வெளியே கொண்டாட்டத்தில் ஓர் இளைஞர் இறந்துபோயிருந்தார். ‘லியோ’வின் அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு மறுத்தது. தயாரிப்பாளர் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. நான்கு மணிக் காட்சி கிடைக்கவில்லை. கடைசியில் ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி. அந்த ஒரு வாரத்தில் சரியான விடை நாளுக்கு நாள் மாறியது. நேற்று ஏற்றிய பக்கம் இன்று பொய்யாகிவிடும், ஆனால் தேடலில் மேலே நிற்கும். கொளல் வினாவுக்குக் கடைக்காரர் சொல்லும் பதிலில் ‘இப்போது’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. எந்த நாள், எந்த நேரம் நிலவரப்படி என்பதைச் சொல்லாத சுட்டு விடை, காலாவதித் தேதி கிழிந்த மருந்துப் பட்டை.

அடுத்தது மறை விடை. இந்தத் தொழில் மிகக் குறைவாகத் தருவது இதைத்தான். ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் எப்போது என்று ஆயிரக்கணக்கானோர் தேடுகிறார்கள்; அறிவிப்பே இல்லை. நேர்மையான விடை ஒரு வரி: ‘அறிவிக்கவில்லை.’ அந்த ஒரு வரியை எண்ணூறு சொற்களாக நீட்டி, முதல் பாகத்தின் கதையை ஒருமுறை சொல்லி, நடிகர் பட்டியல் போட்டு, இறுதியில் ‘விரைவில் எதிர்பார்க்கலாம்’ என்று முடிக்கும் பக்கங்கள் எத்தனை! ‘துருவ நட்சத்திரம்’ 2023 நவம்பர் 24 என்று தேதி அறிவித்து, கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. அறிவித்த தேதிக்கே உத்தரவாதம் இல்லாத தொழிலில், அறிவிக்காத தேதியை ஊகிப்பது வாசகரின் நேரத்தைத் திருடுவது. 2022 ஆகஸ்டில் கூகுளே இதைக் கண்டித்தது. எழுதுகிறவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அது வெளியிட்ட கேள்விகளில் ஒன்று, விடையே இல்லாத கேள்விக்கு விடை தருவதாகப் பக்கம் வாக்களிக்கிறதா என்பது. அதற்குச் சொன்ன உதாரணங்களில் உறுதியாகாத படத்தின் வெளியீட்டுத் தேதியும் இருந்தது. தேடுபொறியின் கண்ணிலேயே பட்ட குறை அது. அப்படியிருந்தும் இன்னும் ஓயவில்லை, ஏனென்றால் வாசகர் வந்து ஏமாந்து திரும்புவதற்குள் விளம்பரம் ஓடி முடிந்துவிடுகிறது.

‘எத்தனை கோடி வசூல்?’ என்ற கேள்வியையும் இதே தட்டில் வைக்கிறேன். தமிழ்நாட்டில் திரையரங்க வசூலைத் தணிக்கை செய்து பொதுவில் வெளியிடும் அமைப்பு எதுவும் இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் சுவரொட்டியும், வணிகம் அறிந்தவர்கள் எனப்படுவோரின் கணிப்பும்தான் கிடைப்பவை. இரண்டையும் கலந்து ஒரு எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டால் அது விடைப்பெட்டியில் ஏறிவிடும். நாளைக்கு இன்னொருவர் அந்தப் பெட்டியையே ஆதாரமாகக் காட்டுவார். இங்கே ‘தயாரிப்பாளர் சொல்வது இவ்வளவு’ என்பதைத் தாண்டி எந்தச் சுட்டும் பொய்ச்சுட்டு.

இனி அறிவினா. 2015 ஜூலை 10 அன்று ‘பாகுபலி’ முதல் பாகம் ஒரு கேள்வியோடு முடிந்தது: கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றார்? அதைக் கேட்டவர் ராஜமௌலி. விடை அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்லி, 2017 ஏப்ரல் 28 அன்று சொன்னார். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கேள்விக்கு விடை என்று தலைப்பிட்டு வந்த ஒவ்வொரு பக்கமும், வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்விக்குத் தெரியாமலே கை தூக்கிய பையனின் பதில். ஊகம் என்று சொல்லி எழுதியிருந்தால் அது விளையாட்டு, ரசித்திருக்கலாம். விடை என்று சொல்லி எழுதினார்கள். படம் வந்த நாளிலோ வேறு குற்றம் நடந்தது. சிவகாமியின் ஆணை என்பதை அன்று காலையிலேயே தலைப்புக்குக் கீழே முதல் வரியாக வைத்தார்கள். இரண்டு ஆண்டு காத்திருந்த ஒருவர், அரங்குக்குப் போகும் வழியில் டிக்கெட் விலை பார்க்கத் திறந்த பக்கத்தில் அதைப் படித்துவிடக் கூடும். இன்று அதே வரியை எழுதுவதில் ஒரு தவறும் இல்லை. ஒரு சின்னப் பையன் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஒரே விடை 2016இல் பொய், 2017 ஏப்ரல் 28 காலையில் துரோகம், இன்று உதவி. தேடல் எண்ணிக்கை இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது. எழுதுகிறவர்தான் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

ஐய வினா பற்றி நீட்டி எழுத ஆசை. ஒரு உதாரணத்தோடு விடுகிறேன். கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்செப்ஷன்’ (2010) கடைசியில் பம்பரம் சுழல்கிறது, விழுவதற்கு முன் திரை இருள்கிறது. பாம்பா கயிறா என்ற தடுமாற்றத்தோடு பார்வையாளர் எழுந்து போக வேண்டும் என்பதே இயக்குநரின் ஏற்பாடு. நாயகன் அந்தப் பம்பரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் விஷயம் என்ற பொருளில் 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் நோலனே பேசினார். ஆனாலும் ‘முடிவு விளக்கம்’ எழுதுபவர்களுக்கு விழுந்ததா இல்லையா என்று ஒற்றைச் சொல் வேண்டும். இயக்குநர் திறந்து வைத்த கதவைச் சாத்திவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று விவரிப்பது எப்படி விளக்கமாகும்?

இப்போது மறைமுக விடைகள். என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு திரும்பும் இடம் இது.

‘ஏழு வயதுக் குழந்தையோடு பார்க்கலாமா?’ என்று ஒரு தாய் தேடுகிறார். 2024 இறுதியிலிருந்து தணிக்கைச் சான்றிதழில் யு/ஏ என்பது 7, 13, 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ‘யு/ஏ 13+’ என்று சுட்டு விடை தரலாம். எல்லாப் பக்கமும் அதைத்தான் தருகிறது. அந்தத் தாய் அதைத் திரையரங்கின் சுவரிலேயே பார்த்திருப்பார். அதன் பிறகும் தேடுகிறார் என்றால் அவருக்கு வேண்டியது வேறு. ‘இடைவேளைக்குப் பிறகு வரும் கிணற்றுக் காட்சிக்கு அப்புறம் குழந்தை இரவு தனியாகத் தூங்காது’ என்று ஒருவர் சொன்னால் அது உறுவது கூறல். ‘என் மகள் பாதியில் வெளியே போகலாம் என்று அழுதாள்’ என்றால் அது உற்றது உரைத்தல். இரண்டிலும் ‘பார்க்கலாம்’, ‘பார்க்கக் கூடாது’ என்ற சொல்லே இல்லை. தாய்க்கு முழு விடையும் கிடைத்துவிட்டது. இதை எழுத ஒருவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தையோடு பார்த்திருக்க வேண்டும். சான்றிதழைப் பார்த்து எழுதுகிறவரால் முடியாது.

பழைய சினிமாவைப் பற்றிய கேள்விகளும் இப்படித்தான். ‘தமிழின் முதல் பேசும் படம் எது?’ என்றால் ‘காளிதாஸ், 1931 அக்டோபர் 31’ என்று எல்லாப் பெட்டியும் சொல்லும். தவறில்லை. ஆனால் அந்தப் படத்தில் தெலுங்கும் பேசினார்கள், டி.பி.ராஜலட்சுமியின் தமிழுக்கு எதிரே தெலுங்கு வசனம் வந்தது. அதை முதல் தமிழ்ப் பேசும் படம் என்று எந்தப் பொருளில் சொல்கிறோம் என்பதுதான் சுவையான கேள்வி. ‘தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் கீசகவதம் எந்த ஆண்டு?’ என்றால் 1916, 1917, 1918 என்று மூன்று ஆண்டுகளும் நூல்களில் கிடைக்கின்றன, படச்சுருளோ கிடைக்கவில்லை. பெட்டி அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. தமிழ்ச் சினிமாத் தகவல்களைச் சேகரித்துவைத்த பிலிம் நியூஸ் ஆனந்தன் இருந்த காலத்தில் ஓர் உதவி இயக்குநரோ பத்திரிகையாளரோ இப்படி ஒரு சந்தேகத்தோடு அவரிடம் போவார்கள். கையில் இருக்கும் புகைப்படம், பாட்டுப் புத்தகம், விளம்பரத் தாள் ஆகியவற்றை வைத்து அவர் பதில் சொல்வார். 2016இல் அவர் மறைந்தார். அவரைப் போன்றவர்களின் பதிலில் இருந்த ‘எதை வைத்துச் சொல்கிறேன்’ என்ற பகுதி ஐம்பது சொல் விடையில் முதலில் வெட்டப்படும் பகுதி.

மொழியின் மேல் விழும் அடியையும் சொல்ல வேண்டும். தமிழ் வாக்கியம் எழுவாயைத் தயங்காமல் விழுங்கும் வாக்கியம். ‘வந்தார், பார்த்தார், போனார்’ என்றால் யார் என்பது வினைமுற்றிலேயே இருக்கிறது. தேடலுக்காக எழுதும்போது ஒவ்வொரு பத்தியும் தனியாகப் பிடுங்கி எடுத்தாலும் நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் படத்தின் முழுப் பெயர் ஒவ்வொரு கேள்வியிலும், ஒவ்வொரு விடையிலும் திரும்பத் திரும்ப வரும். ‘இப்படத்தின் இயக்குநர் யார்? இப்படத்தின் இயக்குநர் இன்னார். இப்படத்தின் நாயகி யார்? இப்படத்தின் நாயகி இன்னார்.’ ஒன்றாம் வகுப்பு வாசகப் புத்தகம்கூட இதைவிட ஓட்டமாக இருக்கும். நம் வாசகர்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள் என்பதால், அந்தத் தப்பும் தவறுமான உச்சரிப்பு வடிவங்களையும் கட்டுரைக்குள் திணிக்கச் சொல்கிறார்கள். இருபத்தைந்து வயதில் இந்த வேலைக்கு வரும் ஒருவர் மூன்று ஆண்டு இப்படி எழுதினால், அதன் பிறகு ஒரு பத்தியை இன்னொரு பத்தியோடு கோத்து எழுதும் கை அவருக்குத் திரும்புமா என்பது எனக்கு உண்மையான கவலை.

இந்த முறையின் தரப்பு வாதத்தையும் கேட்டாக வேண்டும். ‘வாசகர் கேட்பதைத்தானே தருகிறோம், அந்த வருமானத்தில்தானே விமர்சகருக்கும் சம்பளம் கொடுக்கிறோம்’ என்பார்கள். வருமான வாதம் சில ஆண்டுகள் வரை வலுவானதுதான். இப்போது அது தானே சரிகிறது. 2023 ஆகஸ்டில், கேள்வி பதில் குறியீடு சேர்த்த பக்கங்களுக்குத் தேடலில் கிடைத்துவந்த விரிந்த காட்சியை அரசு, மருத்துவத் தளங்களைத் தவிர மற்றவற்றுக்குக் கூகுள் நிறுத்தியது. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்த செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், விடையைத் தானே எழுதிவிடுகிறது. தேதி, நேரம், நடிகர், தளம் போன்ற சுட்டு விடைக்கு இனி யாரும் பக்கத்தைத் திறக்க வேண்டியதில்லை. அந்த இயந்திரத்தின் சுருக்கமும் தவறக்கூடியது. பீட்சாவில் சீஸ் ஒட்டப் பசை சேர்க்கலாம் என்று யாரோ கிண்டலாக எழுதியதை அது ஆலோசனையாகத் தந்தது உலகம் அறிந்த செய்தி. யார், எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பதை அறியாமல் வரியை மட்டும் பிடுங்கியதால் வந்த தவறு அது. பிடுங்குவதற்கு வசதியாக வரியைத் தனித்தனியாக நறுக்கி வைக்கும் வேலையைத்தான் நாம் பத்தாண்டாகச் செய்துவந்திருக்கிறோம்.

ஆகவே என் தீர்ப்பு இது. கொளல் வினாவுக்கும் எளிய அறியா வினாவுக்கும் இந்த முறை சரியானது. முதல் வரியில் விடை, பக்கத்தில் நாளும் நேரமும், விடை இல்லாவிட்டால் முதல் வரியிலேயே மறை. இதைச் செய்யாத தளத்தைக் குறை சொல்லலாம், செய்யும் தளத்தைக் குறை சொல்ல முடியாது. அறிவினாவுக்கும் ஐய வினாவுக்கும் இந்த முறையைப் பொருத்துவது பிழை. எல்லாச் சினிமா எழுத்துக்கும் இதையே ஆசிரியர் குழுவின் சட்டமாக்குவது பெரும் பிழை. உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் இனமொழியும் எழுதத் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளாத தளம், தன்னைவிட வேகமான இயந்திரத்தோடு தேதி சொல்லும் போட்டியில் நிற்கிறது. அதில் அது தோற்கும்.

கரிகாலனுக்கு வருகிறேன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில் சுவரில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் ஆன பஞ்சவன் பிரமாதிராயன், பரமேஸ்வரன் ஆன இருமுடிச்சோழப் பிரமாதிராயன் ஆகியோரைச் சொல்லி, அவர்களைச் சார்ந்தவர்களின் நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல். இருமுடிச்சோழ என்பது சோழப் பட்டம். இரண்டையும் வைத்து எதிரெதிர்த் திசையில் வாதாடலாம், வாதாடியும் இருக்கிறார்கள். வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரியின் ஐயம் உத்தம சோழன் மேல் விழுந்தது. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ‘பாண்டிய ஆபத்துதவிகள்’ என்பது கல்வெட்டில் இல்லை. அது கல்கியின் கதைக்குள் வாழ்வது. அந்த நாவலிலும் கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த பிறகு என்ன நடந்தது என்பது கடைசிவரை ஐயமாகவே நிற்கிறது. தொடர் முடிந்ததும் வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். கல்கி முடிவுரையில் அவர்களோடு பேசினார். சிலவற்றைச் சொன்னார், சிலவற்றை அவர்களின் ஊகத்துக்கே விட்டார். வாசகரின் கேள்விக்கு எழுதுவது எப்படி என்பதற்கு எனக்கு அதுவே முன்மாதிரி. மணிரத்னம் தன் படத்தில் இந்த இடத்தைத் தன் வழியில் காட்சியாக்கினார்.

அப்படியானால் ‘கொன்றது யார்?’ என்று கேட்பவருக்கு முதலில் தர வேண்டிய விடை, ‘எந்தக் கரிகாலனை?’ என்பது. கல்வெட்டில் இருப்பவரையா, நாவலில் இருப்பவரையா, விக்ரம் நடித்தவரையா? வினா எதிர் வினாதலுக்கு உரைகள் காட்டும் உதாரணங்கள், ‘வராமல் இருப்பேனா?’ என்பதுபோல் உடன்பாட்டையே கேள்வியாகச் சொல்பவை. என் கேள்வி அந்த அளவுக்கு அதில் பொருந்தாது என்பதை அறிவேன். ஆனாலும் கேட்பவரைத் திருப்பிக் கேட்டு, அவர் உண்மையில் எதைத் தேடுகிறார் என்று காட்டுவதும் விடையின் வேலைதான்.

மூன்று விடை என்று தொடங்கினால் கூகுள் எந்த வரியை எடுக்கும் என்று கேட்ட நண்பர்களுக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். ஐம்பது சொல் என்ற எல்லைமீது எனக்கு இனிப் புகார் இல்லை. அன்று நான் தந்திருக்க வேண்டிய முதல் பத்தி இது:

‘உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது, காரணம் சொல்லவில்லை. கல்கி தன் நாவலில் கொலையாளியை உறுதியாகக் காட்டாமல் விட்டார். மணிரத்னம் படத்தில் தனக்கென்று ஒரு விடை வைத்திருக்கிறார். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.’

27 சொற்கள். பெட்டிக்குள் அடங்கும்.